ஆவாரங்காடு குடிநீர் நிறுவனம்

ஆவாரங்காட்டுக் குடியிருப்பின் கிணற்றில் தண்ணீர் மாதிரி எடுக்க மஞ்சரி போய் இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். கிணற்றைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. நீலதாரை குடிநீர் நிறுவனத்தில் முத்திரை ஆய்வாளராகச் சேர்ந்த ஒன்பது ஆண்டுகளில் நூற்று நாற்பத்திரண்டு கிணறுகளைச் சோதித்திருக்கிறாள். திட்டுவார்கள், கல்லெறிந்ததும் உண்டு. இங்கே ஒரு பெண் டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க மேடம். இந்தக் கிணத்துத் தண்ணிலதான் போட்டது. வேணும்னா உங்க மிஷின்ல இதையும் ஒருக்கா சோதிச்சுப் பாருங்க."

அவள் பெயர் லிபிகா. பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். லிபிகா பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் ஆவாரங்காட்டில்தான். தையல்காரர்களுக்காக ஒரு மெஸ் நடத்தினாள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவள்தான்.

"முத்திரை முத்திரைன்னு சொல்றீங்களே, அது என்னதானுங்க? கண்ணுல பார்க்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியாதுங்க. பனியனுக்குக் கழுத்துல லேபிள் வச்சுத் தைக்கறாங்கல்ல, அந்த மாதிரி இது தண்ணிக்கு லேபிள். ஆய்வுக்கூடத்துல செய்யற ரொம்பப் பொடியான இழை. எங்க நிலையத்துல இருந்து தண்ணி வெளிய போறப்பவே ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவுன்னு கலந்துருவோம். குடிச்சா ஒண்ணும் ஆகாது. மண்ணுக்குள்ள போனாலும் வருசக்கணக்கா அழியாது. அதை வச்சு இது யாரோட தண்ணின்னு சொல்லிரலாம்."

"வானத்துல இருந்து விழுகற தண்ணிக்கு யாருங்க லேபிள் வைக்கறாங்க?"

மஞ்சரி குப்பியை மூடி, பெட்டிக்குள் வைத்தாள். டீ நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

கோவையும் திருப்பூரும் வளர்ந்து வளர்ந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட இடத்தில் உருவானது வேலாம்பட்டணம். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் அது ஒரு நான்கு ரோடு சந்திப்பு. இன்றைக்கு முப்பது லட்சம் பேர். இத்தனை பேருக்கு எங்கிருந்து தண்ணீர் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. முதலில் லாரிகள் வந்தன. பிறகு லாரிக்காரர்கள் ஒன்று சேர்ந்து நீலதாரை, பொன்னூற்று என்று இரண்டு நிறுவனங்களானார்கள். தெருத்தெருவாக இருவரும் தோண்டினால் ஊர் தாங்காது என்று, ஒரே குழாயில் இருவர் தண்ணீரையும் விட அரசு அனுமதி கொடுத்தது. ஒரே குழாயில் போனால் யார் தண்ணீர் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் முத்திரை வந்தது. நியாயமான காரியத்துக்குத்தான் வந்தது.

குழாய் என்றால் கசியும். கசிந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறுகளில் ஊறியது. அதையும் தங்கள் தண்ணீர் என்று நிறுவனங்கள் நீர்த் தீர்ப்பாயத்துக்குப் போயின. முத்திரைச் சட்டம் பிறந்தது. ஒரு நீரில் எவருடைய முத்திரை பாதிக்கு மேல் இருக்கிறதோ, அந்த நீர் எங்கே கிடந்தாலும் அவருக்குச் சொந்தம். அவர் அதைப் பூட்டலாம்.

ஆவாரங்காட்டுக் கிணற்று நீரில் நீலதாரையின் முத்திரை நூற்றுக்கு அறுபத்தொன்று இருந்தது. மஞ்சரி இரண்டு முறை சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நான்காம் நாள் கிணற்றின்மேல் இரும்பு மூடி ஏறியது. அதில் மஞ்சள் பூட்டு தொங்கியது.

அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் லாரித் தண்ணீருக்கு மாறின. லாரி மேட்டில் நிற்கும்; குடத்தோடு அறுபது படி ஏறி இறங்க வேண்டும். லிபிகா மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினாள். பாத்திரம் கழுவத் தண்ணீர் போதவில்லை. மூன்றாவது வாரம், ராசாமணி என்ற ஓவர்லாக் தையல்காரி இரண்டு குடத்தோடு படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வீட்டில் அவள் ஒருத்திதான் சம்பாதிப்பவள்.

அடுத்த நாள் லிபிகா நீலதாரை அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வரவேற்பறையில் மஞ்சரியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சண்டை போட வரலீங்க. ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் சொல்லிட்டீங்கன்னா போயிர்றேன்."

"சொல்லுங்க்கா."

"பன்னெண்டு வருசமா எங்க ஊட்டுக் கூரையில விழுகற மழையெல்லாம் குழாய் போட்டுக் கிணத்தைச் சுத்திப் பதினெட்டுக் குழியில எறக்கறோம். ஒரு சொட்டு வெளிய விடறதில்ல. அத்தனை தண்ணியும் அங்கதான் கெடக்கோணும். நீங்க சோதிச்சா பாதிகூட எங்களுது இல்லைங்கறீங்க. அப்ப எங்க மழை எங்கீங்க போச்சு?"

பூமிக்குள் தண்ணீர் சும்மா நிற்காது, பள்ளம் பார்த்து ஓடும் என்று மஞ்சரி சொல்ல வாயெடுத்தாள். எந்தப் பள்ளத்துக்கு என்ற கேள்வி அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. லிபிகாவை உட்காரச் சொல்லிவிட்டு, தன் மேஜையில் நிலத்தடி வரைபடத்தை விரித்தாள். ஆவாரங்காட்டிலிருந்து சரிவு நேராகக் கிழக்கே இறங்கியது. நான்கு கிலோமீட்டர் தள்ளி, சரிவின் அடியில், நீலதாரையின் கிழக்கு வயல் நிலையம். ஏழு ஆழ்துளைக் கிணறுகள். அங்கே எடுக்கிற தண்ணீருக்கு முத்திரை கலந்து, மேற்கே அனுப்புகிற பெரிய குழாய் ஆவாரங்காட்டு ஓரமாகத்தான் போகிறது. அந்தக் குழாய் கசிகிறது.

ஒன்பது வருடமாக இதே வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து லிபிகா பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, உங்க மழைய நாங்க உறிஞ்சி, எங்க லேபிளை ஒட்டி, ஓட்டைக் குழாய் வழியா உங்ககிட்டயே திருப்பிக் கொட்டிட்டு இருக்கறோம்னு நினைக்கறேன். நிரூபிக்க முடியாது. உங்க தண்ணில உங்க முத்திரை இல்லையே."

லிபிகா போக எழுந்தாள்.

"முத்திரைச் சட்டம் மூணாவது பிரிவைப் படிச்சுப் பாருங்க," என்றாள் மஞ்சரி, குரலைத் தாழ்த்தி. "நீரைச் சேமித்து வழங்கும் எந்த நிறுவனமும் முத்திரை வாங்கலாம்னு இருக்குது. எவ்வளவு பெரிய நிறுவனம்னு எழுதலை. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

ஆவணி மாதத்தில் வேலாம்பட்டணத்தின் மூன்றாவது தனியார் குடிநீர் நிறுவனம் பதிவானது. வீட்டுக்கு ஒரு பங்கு. பதிவாளர் அலுவலக எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "உங்க குழாய் மொத்தம் எத்தனை கிலோமீட்டருங்க?" என்று கேட்டாராம். "கெணத்துல இருந்து வர்றது முப்பது மீட்டருங்க. அதுலயும் கொஞ்சம் ஒடைஞ்சிருக்குது," என்றாளாம் லிபிகா. எழுத்தர் சிரித்துக்கொண்டே முத்திரை எண் கொடுத்துவிட்டார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து இழைப் பொடி சின்னச் சின்னப் பொட்டலமாக வந்தது. ஐப்பசி மழை அந்த வருடம் ஏமாற்றவில்லை. மழை பெய்த ஒவ்வொரு நாளும் ஆவாரங்காட்டுப் பெண்கள் முறை வைத்து, குழிக்குள் இறங்கும் தண்ணீரை அளந்து, அளவுக்குத் தகுந்தாற்போல் பொடியைக் கரைத்து விட்டார்கள். சாயப்பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு அளந்து கலப்பது ஒரு வேலையே இல்லை. தங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தொடத்தான் முடியவில்லை. மழையைத் தொட யார் தடுப்பது?

தை மாதம், கிழக்கு வயல் நிலையத்தில் வழக்கமான சோதனை. கருவி காட்டிய எண்ணைப் பார்த்து மஞ்சரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆவாரங்காட்டு முத்திரை. வந்து சேர இரண்டு வருடமாவது ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். மூன்றே மாதத்தில் வந்துவிட்டது. நிறுவனம் கணக்கில் காட்டுவதைவிட எவ்வளவு வேகமாக உறிஞ்சினால் பூமிக்குள் தண்ணீர் இப்படி ஓடி வரும் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு குப்பி எடுத்து மறுபடி சோதித்தாள்.

நிலைய மேலாளர் திருமூர்த்தி அறிக்கையை நின்றபடியே படித்தார். ஐம்பத்தெட்டு வயது. முதல் லாரி ஓடிய காலத்தில் அதை ஓட்டியவர் அவர்.

"இதை 'அடையாளம் தெரியாத முத்திரை'ன்னு எழுதிரலாமே மஞ்சரி."

"அடையாளம் தெரியுதே சார்."

"தெரியும். எனக்கும் தெரியும்." அவர் ஜன்னல் பக்கம் போனார். "மொதல் லாரிய இந்த ஊருக்குள்ள கொண்டாந்தப்ப எனக்கு மாலை போட்டாங்க. கொழந்தைகளைத் தூக்கிட்டு வந்து காமிச்சாங்க. தண்ணி கொடுக்கறோம்னுதான் ஆரம்பிச்சோம். எப்ப பூட்டுப் போடறவங்களா மாறுனோம்னு எனக்கே ஞாபகம் இல்ல."

"அப்ப கையெழுத்துப் போடட்டுமா சார்?"

"கையெழுத்து உன்னோடது. நான் என்ன சொல்ல? ஆனா வேலை போயிரும். குவார்ட்டர்ஸும் போயிரும். அதை என்னால தடுக்க முடியாது."

மஞ்சரி கையெழுத்துப் போட்டாள். எட்டாம் நாள் பணிநீக்க உத்தரவு வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சாமான்களை ஒரு மினி வேனில் ஏற்றியபோது, எங்கே போவது என்று முடிவாகவில்லை. லிபிகா மெஸ்ஸுக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. "வாடகைப் பேச்சையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அம்மணி. மொதல்ல வேனைத் திருப்பச் சொல்லுங்க," என்றாள் லிபிகா. மேடம் போய் அம்மணி வந்தது அன்றைக்குத்தான்.

மஞ்சரியின் அறிக்கையை வைத்து ஆவாரங்காடு நிறுவனம் தொடுத்த வழக்கில், நீர்த் தீர்ப்பாயம் வெளியூரிலிருந்து ஆய்வாளர்களை அழைத்து மறுபடி சோதித்தது. கிழக்கு வயலின் ஏழு கிணறுகளில் நான்கில் ஆவாரங்காட்டு முத்திரை பாதியைத் தாண்டியிருந்தது. நீலதாரையின் வக்கீல் இரண்டு நாள் வாதாடினார். ஆனால் அந்தச் சட்டத்தை வார்த்தை வார்த்தையாக எழுதி வாங்கியது அவருடைய நிறுவனமேதான். தீர்ப்பாயத் தலைவர் தீர்ப்பைப் படித்தார்: அந்த நான்கு கிணறுகளின் நீரும் ஆவாரங்காடு குடிநீர் நிறுவனத்துக்குச் சொந்தம். விரும்பினால் பூட்டிக்கொள்ளலாம்.

தீர்ப்பாய ஊழியர் ஒருவர் லிபிகாவின் கையில் நான்கு மஞ்சள் பூட்டுகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெஸ்ஸில் கூட்டம். உள்ளே இடமில்லாமல் தெருவெல்லாம் ஆட்கள். பூட்டுகளை மேஜைமேல் வைத்திருந்தார்கள். முதலில் பேச எழுந்தவள் ராசாமணி. இரண்டு கைகளிலும் ஊன்றுகோல்.

"பூட்டோணும். ஒரு மாசம் பூட்டோணும். அக்கட்டால இருக்கற அப்பார்ட்மெண்ட்டுக்காரங்க அல்லாரும் கொடத்தைத் தூக்கிட்டு லாரிக்கு நிக்கோணும். அப்பத்தான் அவிங்களுக்குப் புரியும். நான் இனிமேல் மிஷின்ல ஒக்கார முடியாது. அதுக்கு ஆரு பதில் சொல்றது?"

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. லிபிகா எழுந்தாள். பேசிப் பழக்கமில்லாதவள், மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராசாமணி சொல்றது தப்பில்ல. எனக்கும் அந்தக் கோவம் இருக்குது. ஆனா அந்த நாலு கெணத்துத் தண்ணி அப்பார்ட்மெண்ட்டுக்கு மட்டும் போகல. பெரியாஸ்பத்திரிக்குப் போகுது. ரயில்வே லைன் குடிசைக்குப் போகுது. நாம பூட்டுனா நீலதாரை ஆபீசுல தண்ணி நிக்காது; அவிங்க கேன் வாங்கிக்குவாங்க. படியில வுழுகறது இன்னொரு ராசாமணியாத்தான் இருக்கும்." மேஜைமேல் இருந்த பூட்டுகளைக் காட்டினாள். "பூட்டு நம்ம கையில இருக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சிருச்சு. அது போதாதுங்களா?"

"போதாது," என்றாள் ராசாமணி.

வாக்கெடுத்தார்கள். பூட்டலாம் என்று இருநூற்று அறுபத்தெட்டு. வேண்டாம் என்று முந்நூற்று இருபத்தேழு. ராசாமணி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிறகு பல மாதங்கள் லிபிகாவோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடுகள் நிறுவனத்துக்குக் கட்டும் சந்தாவிலிருந்து அவளுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டபோதும், "என்ர இடுப்புக்கு வெலை பேசறீங்களா?" என்றுதான் கேட்டாள். வாங்கிக்கொண்டாள்; மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை லிபிகா பூட்டுகளைத் தீர்ப்பாயத்தில் திருப்பிக் கொடுத்தாள். கூடவே மஞ்சரி எழுதிக்கொடுத்த ஒரு பக்கக் கடிதம். எங்கள் முத்திரை உள்ள நீரை யாரும் எடுக்கலாம், குடிக்கலாம். ஆனால் எடுப்பவர் எவரும் அது கலந்திருக்கும் எந்த நீரையும் பூட்டக் கூடாது; பூட்டினால் எடுக்கும் அனுமதி போய்விடும். அவ்வளவுதான்.

அந்த ஒரு பக்கம் என்ன செய்யும் என்பது நீலதாரை வக்கீல்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. ஆவாரங்காட்டு மழை அவர்களுடைய குழாயில் ஓடியது. குழாய் கசிந்த இடமெல்லாம் மண்ணில் இறங்கியது. மேற்குப் பகுதியில் பூட்டிய ஒவ்வொரு கிணற்றிலும் கொஞ்சமாவது அது இருந்தது. கலந்த தண்ணீரை யார் பிரிப்பது? பங்குனிக்குள் தொண்ணூற்றாறு கிணறுகள் திறந்தன. ஆவாரங்காட்டு இரும்பு மூடியைத் தூக்கியது பூட்டுப் போட்ட அதே ஆட்கள்தான். லிபிகா அவர்களுக்கும் டீ கொடுத்தாள்.

மற்றக் குடியிருப்புகளும் குழி வெட்டி, பதிவு செய்து, அதே ஒரு பக்கக் கடிதத்தைப் பெயர் மாற்றி எழுதின. நீலதாரை மூழ்கிப்போகவில்லை. தண்ணீருக்கு விலை என்பதை விட்டுவிட்டு, கொண்டுவந்து சேர்க்கும் கூலிக்கு மாறியது. கசிவுகளையும் அடைத்தது, இனிக் கசிந்தால் நட்டம் அதற்குத்தான். மஞ்சரி ஆவாரங்காடு நிறுவனத்தின் முதல் சம்பள ஊழியரானாள். பழைய சம்பளத்தில் பாதி. கிணற்றைப் பூட்டும் வேலை இல்லை என்பதால் சாப்பாடு ருசித்தது.

இரண்டு வருடம் போனது. புரட்டாசியில் ஒரு நாள், ஆவாரங்காட்டுக் கிணற்றைச் சோதித்தபோது மஞ்சரி ஒரு புது முத்திரையைப் பார்த்தாள். நூற்றுக்கு ஐம்பத்து மூன்று. நீலதாரை இல்லை, பொன்னூற்று இல்லை. பதிவேட்டில் தேடினாள். கல்லுக்குழி குடிநீர் நிறுவனம். மேற்கே பதினோரு கிலோமீட்டர், மேட்டில். நாற்பத்து மூன்று பங்குதாரர்கள். அந்த ஒரு பக்கக் கடிதம் அவர்கள் கோப்பில் இல்லை.

லிபிகாவிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. "அப்ப நம்ம கெணத்துல இருக்கறது நம்ம தண்ணி இல்லியா?"

"பாதிக்கு மேல அவங்களுதுங்க்கா."

"அவிங்க பூட்டோணும்னு நெனைச்சா?"

"சட்டப்படி பூட்டலாம்."

மறுநாளே இருவரும் கிளம்பினார்கள். லிபிகா மெஸ்ஸிலிருந்து இரண்டு டப்பா அதிரசம் எடுத்துக்கொண்டாள். பேருந்து நின்ற இடத்திலிருந்து அரை மணி நேரம் மண்சாலையில் நடந்தார்கள். கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. அதன் விளிம்பில் தகரக் கூரை வீடுகள். நகரம் வளர்ந்தபோது அப்புறப்படுத்தப்பட்ட கல்லுடைக்கும் குடும்பங்கள் என்று பின்னால் தெரிந்தது. எந்த நிறுவனத்தின் குழாயும் அங்கே வந்ததில்லை. லாரிகூட ஏறாது. குவாரிக் குழிகளில் மழையைத் தேக்கி அதையே வடிகட்டிக் குடித்தார்கள்.

ஜெபமாலை என்ற பெண் அவர்களை எதிர்கொண்டாள். ஆவாரங்காட்டிலிருந்து வருகிறோம் என்றதும் பதறிப்போனாள்.

"ஏனுங்க, எங்க தண்ணியால உங்களுக்கு ஏதாச்சும் கெடுதலுங்களா? பொடியச் சரியா அளந்துதான் போட்டோமுங்க."

"ஒரு கெடுதலும் இல்லீங்க," என்றாள் லிபிகா. "நாங்கதான் பயந்துட்டு வந்தோம். எங்க கெணத்துல பாதிக்கு மேல உங்க தண்ணி. நீங்க பூட்டிருவீங்களோன்னு..."

"பூட்டறதா?" ஜெபமாலை சிரித்துவிட்டாள். "பூட்டறதுக்கா போட்டோம்? பேப்பர்ல உங்க சேதி வந்துச்சுங்க. உங்க மழை எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு நீங்க கண்டுபுடிச்சீங்கன்னு இருந்துச்சு. எங்க தண்ணியும் எங்கியோ எறங்கிப் போகுதே, ஆருக்காச்சும் ஒதவுதான்னு பார்க்கலாம்னு தோணுச்சு. இங்க நாப்பத்து மூணு குடும்பம் இருக்கறோம்னு கீழ இருக்கற ஆருக்கும் தெரியாதுங்க. ஓட்டு லிஸ்ட்லகூட இல்ல. தண்ணிலயாச்சும் எங்க பேரு போகட்டும்னுதான்."

லிபிகா அதிரச டப்பாக்களைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நினைவு வந்தவளாக நீட்டினாள். வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரோ பாய் விரித்தார்கள். யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மஞ்சரி வாங்கிக் குடித்தாள். நல்ல தண்ணீர்.

"நாங்க அனுப்புனது உங்க ஊருக்கு வந்து சேர எத்தனை நாள் ஆச்சுங்க?" என்று ஜெபமாலை கேட்டாள்.

மஞ்சரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். "கூட்டிக் கழிச்சுப் பார்த்தா பதினாலு மாசம் இருக்குமுங்க."

ஜெபமாலை விரல்விட்டு மாதங்களைப் பின்னோக்கி எண்ணினாள். சுற்றி நின்றவர்களும் கூடச் சேர்ந்து எண்ணினார்கள்.

"அப்படின்னா அது போன வருசத்து ஆடி மழைங்க," என்றாள் அவள், முகமெல்லாம் மலர. "மூணு நாள் விடாம பேஞ்சுது. நல்ல மழைங்க அது."